மலைநாட்டில் மோட்டார் ஹோம்: எஞ்சின் பெட்டரியை மாற்றுவதும் பராமரிப்பதும்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் இரவு தங்கிய கேம்பர் வேன் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பக்கத்தில் நிற்கிறவர்கள் "குளிருக்குப் பெட்டரி செத்துப்போச்சு" என்றுதான் சொல்வார்கள். அது பாதி உண்மை. பெட்டரியின் ஆயுளைத் தின்பது சூடு. வெப்பம் 10 பாகை கூடினால் உள்ளே நடக்கும் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொழும்பு வெயிலில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வருடம் இருந்து தளர்ந்த பெட்டரி, கீழ்நாட்டில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். அதே வண்டி 1,868 மீற்றர் உயரத்தில், புல்லில் உறைபனி படியும் இரவொன்றைக் கழித்தால் வண்டவாளம் வெளிவந்துவிடும். வெப்பநிலை 0 பாகையை நெருங்கும்போது நல்ல பெட்டரிகூடத் தன் வழக்கமான வலுவில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கொடுக்கும். எஞ்சின் ஒயிலும் தடித்திருப்பதால், டீசல் எஞ்சினைச் சுழற்ற அந்த நேரத்தில்தான் கூடுதல் பலம் வேண்டும்.

எனவே ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் அளந்து பாருங்கள். மாற்றப்படும் பெட்டரிகளில் கணிசமானவை சார்ஜ் இறங்கியவையே தவிர செத்தவை அல்ல. இறங்கியதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால், அதுவும் ஒரு மாதத்தில் அதே நிலைக்கு வரும்.

எது எந்தப் பெட்டரி

மோட்டார் ஹோமில் குறைந்தது இரண்டு பெட்டரிகள் இருக்கும். எஞ்சினைச் சுழற்றுவது ஒன்று. உள்ளே லைட், தண்ணீர்ப் பம்ப், ஃபிரிட்ஜ், போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது இன்னொன்று. இங்கே முதலாவதை எஞ்சின் பெட்டரி என்றும் இரண்டாவதை உள் பெட்டரி என்றும் வைத்துக்கொள்வோம். இந்த வழிகாட்டி எஞ்சின் பெட்டரியைப் பற்றியது. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பாவிக்க முடியாது. எஞ்சின் பெட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்குச் சில நூறு அம்பியரைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, உடனே எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் அல்டர்னேட்டரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது அது. இரவு முழுக்க ஃபிரிட்ஜ் ஓட்டி அடிமட்டத்துக்கு இறக்கினால், சில டசின் தடவைகளிலேயே தகடுகள் தளர்ந்துவிடும்.

இலங்கையில் ஓடும் கேம்பர் வேன்கள் பெரும்பாலும் டொல்பின், கேடிஎச் போன்ற ஜப்பான் வேன்களில் கட்டியவை. இவை 12 வோல்ட். கேடிஎச்சில் பெட்டரி முன் சீட்டுக்குக் கீழே இருக்கும். சீட்டைத் தூக்கினால் தெரியும். ரோசா, கோஸ்டர் பஸ் உடம்பில் கட்டியவற்றில் பல 24 வோல்ட்: இரண்டு 12 வோல்ட் பெட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். அப்படியான வண்டியில் ஒன்று பழுதானாலும் இரண்டையும் ஒன்றாக, ஒரே வகையில், ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்று விட்டால் ஒன்றுக்குச் சார்ஜ் பற்றாது, மற்றது அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும். செலவைப் பாதியாக்கப் போய், புதிதாக வாங்கியதையும் சேர்த்து இழப்பீர்கள்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடி நின்றதும் அளக்காதீர்கள். தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் பொய்க்கணக்குக் காட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் சாவி போடுமுன் அளப்பது நல்லது. அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு அளக்கலாம்.

இங்கே வரும் எண்கள் எல்லாம் 12 வோல்ட்டுக்கு உரியவை. 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8க்குக் கீழே என்றால் வெறுமை. 10.5 சுற்றி நின்று, சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால், உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று ஷோர்ட் ஆகியிருக்க நல்ல வாய்ப்புண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவது. ஒன்று போனால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். அந்தப் பெட்டரிக்கு வைத்தியம் இல்லை.

12.6 காட்டியும் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லையா? மீட்டரின் முனைகளைப் பெட்டரித் தலைகளில் (டெர்மினல்களில்) வைத்தபடி ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் சுழலும் நேரத்தில் 20 பாகை வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. 10 பாகையில் 9.4 வரை ஏற்கலாம். முழுச் சார்ஜில் இருந்தும் 8, 7 என்று சரிந்தால் பெட்டரி முடிந்தது. சரியாமல் 11க்கு மேல் நின்று, எஞ்சினும் சுழலாவிட்டால், பெட்டரியைக் குறை சொல்லாதீர்கள்: டெர்மினல், பூமிக் கேபிள் (மைனஸை வண்டி இரும்போடு இணைப்பது), ஸ்டார்ட்டர் இவற்றில் எங்கோ கரண்ட் தடைப்படுகிறது. கேபிளைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸ் தலையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவி திருப்புங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பூமிக் கேபிளோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது. மழையும் மூடுபனியும் வருடம் முழுக்க இருக்கும் ஊரில் இது சாதாரணம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் விறுவிறுவென்று சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பெட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. டீசல் வேனில், ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் சூடாக்கும் கிளோ பிளக்குகளைப் பாருங்கள். டேஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ லைட் அணையும்வரை பொறுக்காமல் சாவியைத் திருப்பி, திரும்பத் திரும்ப இழுத்தே நல்ல பெட்டரியையும் இறக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் இழுக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடம் விடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினைச் சற்று முறுக்கினாலும் 13.5க்கு மேல் நிற்க வேண்டும். 13க்குக் கீழே என்றால் அல்டர்னேட்டரோ பெல்ட்டோ சரியில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அது பெட்டரியைக் கொதிக்கவைத்துத் தண்ணீரை வற்றச் செய்யும். இரண்டில் எது என்றாலும் அதைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டரி போடுவது வீண் செலவு.

எதை வாங்குவது

பழைய பெட்டரியின் மேலேயே குறியீடு அச்சிட்டிருக்கும். ஜப்பான் வேன்களுக்கு 80டி26எல், 95டி31ஆர், 105டி31ஆர் என்ற மாதிரி வரும். முதல் எண் வலுவின் தரவரிசை. அம்பியர் மணி அல்ல. கடையில் "நூற்றைந்து அம்பியர் பெட்டரி" என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அம்பியர் மணி லேபலில் தனியே இருக்கும். பெரும்பாலும் அதைவிடக் குறைவு. டி என்பது அகலமும் உயரமும் எந்த அளவு என்பதற்கான எழுத்து. 26, 31 என்பவை சென்ரிமீற்றரில் நீளம்.

கடைசி எழுத்துத்தான் ஆளை மாட்டிவிடுவது. டெர்மினல்கள் இருக்கும் பக்கம் உங்கள் வயிற்றை நோக்கி இருக்கும்படி பெட்டரியை வைத்துப் பார்த்தால், எல் வகையில் மைனஸ் இடப்பக்கம், பிளஸ் வலப்பக்கம். ஆர் வகையில் பிளஸ் இடப்பக்கம். தவறான பக்கத்தை வாங்கினால் கேபிள் எட்டாது. எட்டவைக்க இழுத்துப் பிடித்தாலோ பெட்டரியைத் திருப்பிப் போட்டாலோ, பிளஸ் தலை சீட்டுச் சட்டத்தின் இரும்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சீட்டுக்குக் கீழே பெட்டரி இருக்கும் வேனில், ஒரு சென்ரிமீற்றர் உயரம் கூடினாலே, ஆள் உட்காரும்போது மூடியின் தகரம் டெர்மினலில் முட்டும். அந்த ஷோர்ட்டில் தீப்பிடிக்கும்.

அசல் அளவைவிட வலுக்கூடிய பெட்டரியை அதே பெட்டிக்குள் வைக்க முடியுமென்றால், மலைநாட்டிலேயே அதிகம் நிற்கும் டீசல் வண்டிக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். குறைந்ததைப் போடாதீர்கள்.

கடையில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, தயாரித்த மாதம்: ஆறு மாதத்துக்கு மேல் தட்டில் கிடந்ததை வாங்க வேண்டாம். இரண்டு, உங்கள் மீட்டரை வைத்து அங்கேயே அளந்து பாருங்கள், 12.4க்குக் கீழே என்றால் வேறொன்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல கடைக்காரர் தானே அளந்து காட்டுவார். மூன்று, உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும். உலர் நிலையில் வந்து கடையில் அசிட் ஊற்றித் தரும் பெட்டரி என்றால், ஊற்றி அரை மணி நேரமாவது ஊறவிட்டு, முதல் சார்ஜையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் அந்தப் பெட்டரி முழு வலுவுக்கு வரவே வராது.

பெட்டரி ஆட்கள் தூங்கும் பகுதிக்குள்ளேயே இருக்கும் வண்டியில், மூடிய வகையை வாங்கி, அதன் காற்றுத்துளையிலிருந்து ஒரு குழாயை வண்டித் தளத்துக்கு வெளியே விடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். குளிருக்குக் கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுக்கும் ஊர் இது.

மாற்றும் முறை

தேவையானவை: 10, 12 அளவு ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய துணி, அப்பச்சோடா, வாசலின், மல்டிமீட்டர். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பிளஸ் தலைக்கும் வண்டி இரும்புக்கும் நடுவே மோதிரம் அகப்பட்டால் அது பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டும்.

1. சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சரிவு என்றால் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். சாவியை வெளியே எடுங்கள்.

2. மோட்டார் ஹோமுக்கே உரிய வேலை இது: வீட்டுக் கரண்டில் மாட்டிய சார்ஜரைக் கழற்றுங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள். சோலார் பலகை இருந்தால் முதலில் பலகையிலிருந்து வரும் இணைப்பைப் பிரியுங்கள், பெட்டரிப் பக்கம் அதற்குப் பிறகுதான். பலகை வெயிலில் இருக்கும்போது பெட்டரியை மட்டும் பிடுங்கினால், போக இடமில்லாத வோல்ட், சோலார் கன்ட்ரோலரை எரித்துவிடும். திருப்பி மாட்டும்போது பெட்டரி முதலில், பலகை கடைசியில்.

3. போனில் ஒரு படம் எடுங்கள். பிளஸ் தலையில் உள் பெட்டரிக்குப் போகும் வயர், சோலார் வயர், டிராக்கர் வயர் என்று நாலைந்து சேர்ந்திருக்கும். ஒன்றை மாட்ட மறந்தால் பிறகு தேடித் திரிய வேண்டும். ரேடியோவுக்கு இரகசிய எண் உண்டென்றால் அதுவும் கையில் இருக்கட்டும்.

4. மைனஸை முதலில் கழற்றுங்கள். வண்டியின் உடம்பு முழுக்க மைனஸ். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடம்பில் தட்டினால் நேரடி ஷோர்ட். மைனஸைக் கழற்றிவிட்டால் பிறகு தட்டினாலும் ஒன்றும் ஆகாது. கழற்றிய கேபிளைத் துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். தானாக மீண்டும் போய்த் தலையில் விழும் பழக்கம் அதற்கு உண்டு.

5. அடுத்து பிளஸ். இறுகிப்போன கிளாம்பைச் சுத்தியலால் தட்டாதீர்கள், முறுக்காதீர்கள். தலை உள்ளே தகட்டோடு பிரிந்துவிடும். போல்ட்டைத் தளர்த்தி, கிளாம்பின் வாயைத் திருப்புளியால் மெல்ல விரித்து மேலே தூக்குங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றினால் இளகும்.

6. பிடிப்புச் சட்டத்தைக் கழற்றி, பெட்டரியை நேராகத் தூக்குங்கள். 31 சென்ரிமீற்றர் வகை 20 கிலோ அளவு வரும். சீட்டுப் பெட்டிக்குள்ளிருந்து குனிந்தபடி தூக்குவது இடுப்புக்கு ஆகாத வேலை. இரண்டு பேராகச் செய்யுங்கள். சரிக்க வேண்டாம், அசிட் கசியும்.

7. இருந்த தட்டைப் பாருங்கள். அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் அசிட் இருக்குமிடம் நுரைக்கும். நுரை நிற்கும்வரை ஊற்றிக் கழுவித் துடையுங்கள். கேபிள் கிளாம்புகளையும் அதே கரைசலில் தோய்த்துக் கம்பி பிரஷால் ஈயம் பளபளக்கத் தேயுங்கள். இந்தக் கரைசல் பெட்டரிக்குள் ஒரு துளிகூடப் போகக்கூடாது. தட்டு துருவேறியிருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடித்துக் காயவிட்டே புதியதை வையுங்கள்.

8. புதியதைப் பழையதின் பக்கத்தில் வைத்து நீளம், உயரம், பிளஸ் பக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பிளஸ் தலை மைனஸைவிடச் சற்றுத் தடிமன். கிளாம்பு இறங்க மறுத்தாலோ தொளதொளவென்று ஆடினாலோ பக்கம் மாறிவிட்டதா என்று நிறுத்திப் பாருங்கள். ஒரு நொடி மாற்றி மாட்டினாலும் அல்டர்னேட்டரின் டயோட்கள் போய்விடும். பியூஸும் கம்பியூட்டரும்கூடச் சேர்ந்து போகலாம்.

9. உள்ளே வைத்துப் பிடிப்புச் சட்டத்தை இறுக்குங்கள். கையால் ஆட்டினால் வண்டியே அசைய வேண்டும், பெட்டரி மட்டும் அசையக்கூடாது. அதற்கு மேல் இறுக்கினால் பெட்டியில் விரிசல் விழும். தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது முக்கியம். தளர்வாகக் கிடக்கும் பெட்டரி ஒவ்வொரு குழியிலும் குலுங்க, தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேர்ந்து, ஒரு நாள் இரண்டு தகடுகளைத் தொடுத்து ஷோர்ட் பண்ணும்.

10. இப்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கிளாம்பைத் தலையின் அடிவரை இறக்கி, கையால் திருப்பினால் திரும்பாத அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பேனரின் நுனியைப் பிடித்து முழுப் பலத்தையும் போட வேண்டாம், ஈயம் மென்மையானது. இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். மைனஸ் தொடும்போது சிறு பொறி வருவது சாதாரணம். பெரிய பொறி என்றால் உள்ளே எதையோ அணைக்க மறந்திருக்கிறீர்கள்.

ஸ்டார்ட் செய்து 13.8 முதல் 14.4க்குள் வருகிறதா என்று அளந்து பாருங்கள். மணிக்கூட்டையும் பவர் கண்ணாடிகளையும் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். கம்பியூட்டர் உள்ள டீசல் எஞ்சின்கள் முதல் சில நிமிடம் சற்று ஏறி இறங்கி ஓடலாம், தானாகச் சரியாகும்.

நிற்கிற வண்டிதான் பெட்டரியைக் கெடுக்கும்

ஏப்ரல் வசந்தகாலத்திலும் நீண்ட விடுமுறையிலும் ஓடிவிட்டு, மிச்ச மாதங்களில் வீட்டு முற்றத்தில் நிற்பவைதான் பெரும்பாலான மோட்டார் ஹோம்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடக்கும் பெட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். அது இறுகிய பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. மலைநாட்டில் பெட்டரிகள் வயதுக்கு முன்பே போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

நின்றுகொண்டிருக்கும்போது என்ன தின்கிறது? எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் கேபிளைக் கழற்றி, தலைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 அம்பியர் துளையில் போட்டு இணையுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். கம்பியூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கும். இந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் எரியும். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் நல்லது. கூடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. டிராக்கர், அலாரம், படிக்கட்டு லைட், ரேடியோ ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். அடுப்பு காஸ் கசிவைக் காட்டும் அலாரம் எஞ்சின் பெட்டரியில் மாட்டியிருந்தால் அதுவே 100 மில்லி அம்பியர்வரை தின்னும். மொத்தம் 150 மில்லி அம்பியர் என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 3.6 அம்பியர் மணி. 80 அம்பியர் மணிப் பெட்டரி பதினொரு நாளில் பாதியாகிவிடும். காஸ் அலாரத்தை நிறுத்திவிட வேண்டாம். உள் பெட்டரிக்கு மாற்றுங்கள்.

அடுத்த சந்தேகம், இரண்டு பெட்டரிகளையும் இணைக்கும் ரிலே. எஞ்சின் ஓடும்போது இணைத்து, நின்றதும் பிரிக்க வேண்டியது அது, பொதுவாக 13.3 வோல்ட் அளவில் இணைத்து, 12.8ல் பிரிக்கும். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஃபிரிட்ஜ் இரவு முழுக்க எஞ்சின் பெட்டரியையும் சேர்த்து உறிஞ்சும். எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள். வோல்ட் அச்சொட்டாக ஒன்றாயிருந்து, உள்ளே பம்பைப் போட்டதும் எஞ்சின் பெட்டரியிலும் எண் இறங்கினால் ரிலே ஒட்டியிருக்கிறது. உள் பெட்டரியை லிதியத்துக்கு மாற்றியவர்கள் இந்த ரிலேயை வைத்திருக்கவே கூடாது. லிதியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 என்று நிற்பதால் ரிலே எப்போது பிரிப்பது என்று தெரியாமல் தடுமாறும். லிதியம் ஒரேயடியாக இழுக்கும் கரண்டில் அல்டர்னேட்டரும் காயும். அதற்குப் பதிலாக, அல்டர்னேட்டர் கரண்டை அளவாக்கி உள் பெட்டரிக்குக் கொடுக்கும், சாவி போட்டால் மட்டும் வேலைசெய்யும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மைனஸைக் கழற்றி வையுங்கள், அல்லது தலையில் பூட்டும் கட்-ஓஃப் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4ஐத் தொட்டால் சார்ஜ் போடுங்கள். சார்ஜரின் கரண்ட் பெட்டரி அளவில் பத்தில் ஒன்று போதும்: 80 அம்பியர் மணிக்கு 8 அம்பியர். பாதியில் இருப்பது நிறைய எட்டு மணி நேரமாவது வேண்டும். கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். குளிரில் சார்ஜ் ஏறக் கூடுதல் வோல்ட் தேவை. 25 பாகைக்குப் பதில் 10 பாகையில் நிற்கும் பெட்டரிக்கு 0.3 வோல்ட் அளவு கூட வேண்டும். வெப்பத்தை உணர்ந்து தானே மாற்றிக்கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் வாங்குங்கள்.

"தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டால் போதும்" என்பதை நம்ப வேண்டாம். கிளோ பிளக்கும் ஸ்டார்ட்டரும் எடுத்ததையே ஸ்லோவில் ஓடும் எஞ்சின் சரியாகத் திருப்பிக் கொடுக்காது. டீசலும் புகையும்தான் மிச்சம். சிறிய சோலார் பலகை நல்ல யோசனை. ஆனால் அட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையிலும் மூடுபனியிலும் அதனிடமிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அந்த மாதங்களில் நன்றாகவே தரும்.

மூடி திறக்கும் பெட்டரியில் மாதம் ஒருமுறை தண்ணீரைப் பாருங்கள். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர், அல்லது பெட்டியில் கீறியிருக்கும் மேல்கோடுவரை. குறைந்தால் காய்ச்சி வடித்த பெட்டரித் தண்ணீர் மட்டும். பீலித் தண்ணீர் பளிங்காட்டம் தெளிவாக இருக்கும்; குடிக்க நல்லது, பெட்டரிக்கு ஆகாது. மலையில் ஊறி வரும்போது சேர்ந்த இரும்பும் உப்பும் தகட்டைக் கெடுக்கும். தகரக் கூரையில் பிடித்த மழைத்தண்ணீரில் கூரையின் துத்தநாகம் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம். கடையில் பெட்டரித் தண்ணீரும் பெட்டரி அசிட்டும் ஒரே மாதிரிப் போத்தலில் வரும், லேபலைப் படியுங்கள். வற்றுவது தண்ணீர்தான், அசிட் உள்ளேயே இருக்கும். அசிட்டை ஊற்றினால் செறிவு கூடித் தகடு அரிக்கும். சார்ஜ் ஏறியபின் தண்ணீர் விடுவது முறை; முன்பே நிரப்பினால் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் விடுங்கள்.

அசிட்டின் செறிவை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். நிறைந்த பெட்டரியில் 1.250 முதல் 1.280 வரை இருக்கும். ஐந்து அறைகள் 1.260 காட்ட, ஒன்று மட்டும் 1.190ல் நின்றால் அந்த அறை நோயாளி. பச்சை வட்டம் காட்டும் 'கண்' வைத்த பெட்டரிகளில் அந்தக் கண் பார்ப்பது ஓர் அறையை மட்டும். பச்சையாக இருந்துகொண்டே மற்றதில் ஒன்று போயிருக்கலாம்.

மூடுபனி ஊருக்கென்று ஒரு சோதனை: மீட்டரின் கறுப்பு முனையை மைனஸ் தலையில் வைத்து, சிவப்பு முனையைப் பெட்டரியின் மேல் பிளாஸ்டிக்கில் மெல்ல இழுத்துப் பாருங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் ஈரமும் தூசியும் அசிட் ஆவியும் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டி, அதன் வழியே கரண்ட் இரவு பகலாகக் கசிகிறது. அப்பச்சோடாக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீர்த் துணியால் இன்னொரு தடவை துடைத்துக் காயவிட்டால் தீர்ந்தது.

வழியில் நின்றுபோனால்

மலைநாட்டு ரோட்டில் உதவிக்கு முதலில் நிற்பது கொழுந்து லொறியோ பஸ்ஸோவாகத்தான் இருக்கும். "அண்ணே, கொஞ்சம் கரண்ட் தாங்களேன்" என்று கேட்குமுன் அவருடைய வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று கேளுங்கள். பெரிய லொறிகளும் பஸ்களும் 24. அதிலிருந்து 12 வோல்ட் வேனுக்கு ஜம்ப் கேபிள் போட்டால் பெட்டரி வெடிக்கலாம், கம்பியூட்டர் எரியலாம். இன்னொரு வேனையோ காரையோ காத்திருங்கள்.

சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பெட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்லதின் பிளஸில். கறுப்பை நல்லதின் மைனஸில், மறுமுனையை உங்கள் வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பெட்டரியிலிருந்து எட்டத்தில். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். அது ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் வரக்கூடாது. உதவும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது இதற்கு நேர் எதிர் ஒழுங்கில். அதன்பின் அரை மணி ஓடினால் பெட்டரி நிறைந்துவிடாது. அன்றிரவு சார்ஜர் போட வேண்டும்.

பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணும் பழக்கத்தைக் கேம்பர் வேனில் செய்யவே வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்ப் பல ஜப்பான் டீசல் எஞ்சின்களில் அல்டர்னேட்டரின் பின்னாலேயே பூட்டியிருக்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். இரண்டரை, மூன்று தொன் எடையோடு ரம்பொடை வளைவில் அந்த நிலையில் இறங்க யாரும் விரும்பமாட்டார்கள். ஓட்டோ கியர் வண்டி உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி வைப்பது மேல். டீசலுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதற்கும் சார்ஜ் போட்டு, இரவில் வண்டிக்குள் குளிர் படாத இடத்தில் வையுங்கள்.

பழைய பெட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். ஈயத்துக்கு மதிப்புண்டு, விலையில் கழித்துக்கொள்வார்கள். அசிட்டை வெளியே கொட்டிவிட்டு வெறும் பெட்டரியைக் கேட்கிறவரிடம் விற்காதீர்கள். தேயிலை மலையில் கொட்டுவது கீழே உள்ள லயத்துப் பீலியில்தான் போய்ச் சேரும். கடைக்குக் கொண்டுபோகும்வரை பிளாஸ்டிக் பேசினில் நிமிர்த்தி வைத்து, இரண்டு தலைகளையும் டேப்பால் மூடி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.